தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை
கலிடோனியா தோட்டம், நிபோங் திபால்

செம்பனை மரங்களின் நடுவே இன்று சிதிலமடைந்து நிற்கும் இம்மாடி மாளிகை, தென் செபராங் பிறையின் விஸ்தாரமான கரும்புத் தோட்டங்களுக்கு உரிமை பூண்டிருந்த ராம்ஸ்டன் என்னும் ஆங்கிலக் குடும்பத்தாரின் வாசஸ்தலமாக 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அறைதோறும் பல கதவுகளை அமைத்து, காற்றைத் தடையின்றி உலாவச் செய்து, இப்பிரதேசத்தின் உஷ்ணத்தைத் தணித்தனர். ஊரார் எண்ணிச் சொல்லும் அக்கதவுகளின் தொகையே வீட்டுக்குப் பெயராயிற்று.

1948இல் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ராம்ஸ்டன் இத்தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பரவிய பேய்க்கதைகளே வருவோரைப் பெரிதும் ஈர்க்கின்றன; ஆயினும் மாளிகையைச் சூழ்ந்திருந்த தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களே நம் கவனத்துக்கு முதன்மையாக உரியவை. தமிழகத்துக் கிராமங்களினின்று ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி வந்து, தாழ்ந்த ஈரநிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துக் கரும்பு நட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தபோது பால்மரம் சீவக் கற்று, ஒற்றை அறைகளிலே பிள்ளைகளை வளர்த்த அந்த ஜனங்களின் உழைப்பே இவ்வீட்டின் ஐசுவரியத்துக்கு ஆதாரம். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. ஆனால் வந்தவர்களுள் பலர் திரும்பிச் செல்லாமல், தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுப்பி இம்மண்ணின் குடிகளாயினர்.