முகவரியின் கடைசி இலக்கம்



பல ஆண்டுகளுக்கு முன் கலேவெலயிலிருந்து ஒரு சிறுகதையைத் தபாலில் அனுப்பினேன். உறையின் மேல் வீட்டு இலக்கத்தையும் 'காலி வீதி, கொழும்பு' என்பதையும் எழுதியிருந்தேன். சில வாரங்களில் கதை என்னிடமே திரும்பி வந்தது. ஆசிரியர் அதை நிராகரிக்கவில்லை. அவர் அதைக் கண்டதேயில்லை. விலாசத்தின் கடைசி இலக்கத்தை எழுத மறந்தவன் நான்தான்.

அந்த இலக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? காலி வீதி கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என நீண்டு செல்கிறது. வீட்டு இலக்கங்களோ ஒவ்வொரு பகுதியிலும் புதிதாகத் தொடங்குகின்றன. ஆகவே ஒரே இலக்கமுடைய கதவுகள் ஒரே வீதியில் பல உண்டு. கொழும்பு 3, 4, 6 என்ற குறிப்பே அவற்றை வேறுபடுத்துகிறது.

இப்படி நகரைக் கூறுபோடும் வழக்கத்துக்கு இலண்டன் முன்னோடி. 1857-58இல் ரோலண்ட் ஹில் அந்நகரைத் திசைவாரியாகத் தபால் வட்டாரங்களாகப் பிரித்தார். 1917இல், முதலாம் உலகப் போர்க் காலத்தில், அவ்வட்டாரங்களுக்குள் இலக்கங்கள் சேர்க்கப்பட்டன. தெருக்களை மனப்பாடமாக அறிந்த ஊழியர்கள் போர்முனைக்குப் போக, புதியவர்களுக்கும் கடிதங்களைத் தரம்பிரிப்பது எளிதாக வேண்டியிருந்தது.

கொழும்பில் பதினைந்து வலயங்கள். கோட்டையில் 1 எனத் தொடங்கி, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3 எனத் தெற்கே இறங்கி, வெள்ளவத்தை 6இல் திரும்பி, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, மருதானை 10 என உள்ளே வளைந்து, களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் 15 என முடிகிறது. கோட்டைக்கு அடுத்திருக்கும் புறக்கோட்டைக்கு 11 கிடைத்தது இந்தச் சுற்றினால்தான். வெள்ளவத்தையைத் தாண்டிய தெகிவளை கொழும்பு போலவே தோன்றினாலும் இக்கணக்கில் சேராது.

இலக்கிய நெஞ்சங்களுக்கு இவை வெறும் எண்களா? கொழும்பு 7 என்றால் வானொலி. 10 என்றால் தினகரன். 14 என்றால் வீரகேசரி. 6 என்றால் தமிழ்ச் சங்கம். 13 என்றால் டொமினிக் ஜீவா 'மல்லிகை' வளர்த்த ஸ்ரீ கதிரேசன் வீதி. தலைநகரைக் காணாத கிராமத்து எழுத்தாளனும் இந்த எண்களின் வழியே அங்கு நடமாடினான்.

பின்னர் நாடு முழுவதற்கும் ஐந்திலக்கக் குறியீடு வந்தது. பழைய எண் அழியவில்லை. புதியதன் நடுவே குடியேறியது. கொழும்பு 6 இன்று 00600. கொழும்பு 13 இன்று 01300. சென்னையிலும் இதுவே நடந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் இந்தியாவில் ஆறிலக்கக் குறியீடு வந்தபோது மயிலாப்பூரின் பழைய 4, 600004இன் கடைசியில் நிலைத்தது. அந்த முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞர் என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

இப்போது தலைநகருக்கு மட்டுமன்றி நமக்கும் இலக்கம் உண்டு. மாத்தளை 21000, தம்புள்ளை 21100, கலேவெல 21200. அன்று திரும்பி வந்த கதையை, இலக்கத்தைச் சேர்த்து மீண்டும் அனுப்பினேன். அது அச்சிலும் வந்தது. ஆகவே நேயர்களே, உறையை ஒட்டுமுன் கடைசி வரியை ஒருமுறை பாருங்கள். பெறுபவரின் இலக்கம் இருந்தால் கடிதம் போய்ச் சேரும். உங்கள் இலக்கமும் இருந்தால் பதில் வந்து சேரும்.