வெல்டிங் தாங்குமா? எக்செல் சொல்லும்!

சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரிலும் பக்கத்துப் பெரம்பலூரிலும் ஷெட் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைகள் பல உண்டு. இரும்புத் தூணில் பிராக்கெட் வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றுவது வழக்கமான வேலை. தூணை ஒட்டிப் பாரம் இறங்கினால் கவலையில்லை. தள்ளி இறங்கினால்தான் வம்பு. வெல்டின் மேல்முனையை அது பிய்த்தெடுக்கப் பார்க்கும். எவ்வளவு தாங்கும் என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடலாம்.

எக்செல்லைத் திறந்து ஏ1 செல்லில் பாரம் 50000 நியூட்டன் (சுமார் 5 டன், பாதுகாப்புக்கான கூடுதலையும் சேர்த்தது), ஏ2-வில் தூணிலிருந்து தூரம் 200 மி.மீ., ஏ3-ல் வெல்டின் நீளம் 200, ஏ4-ல் வெல்டின் அளவு 6 என டைப் செய்யுங்கள். பிளேட்டின் இருபுறமும் வெல்டு உண்டு. பிறகு இந்த ஃபார்முலாக்கள் (ஏ, பி இரண்டும் ஆங்கில எழுத்தாக இருக்கட்டும்):

ஏ5: =0.7*ஏ4
பி1: =ஏ1/(2*ஏ3*ஏ5)
பி2: =3*ஏ1*ஏ2/(ஏ5*ஏ3^2)
பி3: =(பி2^2+3*பி1^2)^0.5

பி1 நேரடி வெட்டு விசையால் வருவது, வெறும் 29.8. தள்ளி நிற்பதால் வரும் பி2-வோ 178.6! இரண்டும் சேர்ந்து பி3-ல் 185.9.

சாதாரண 410 தர இரும்புக்கு ஐ.எஸ். 800:2007 விதிப்படி வரம்பு, பட்டறையில் வைத்த வெல்டுக்கு 189. தூண் நிற்கும் இடத்தில் ஏறி வைத்தால் 158தான். அதாவது, இதே வெல்டு பட்டறையில் பாஸ், சைட்டில் ஃபெயில்.

ஏ4-ஐ 8 ஆக்கினால் பி3 139 ஆகும். ஆனால் வெல்டிங் ராடு சுமார் 78 சதவீதம் கூடுதலாகக் கரையும். அதை மறுபடி 6 ஆக்கிவிட்டு, ஏ3-ல் 250 போட்டுப் பாருங்கள். 121.5! ராடு 25 சதவீதம்தான் கூடும். பிளேட், தூண் இவற்றின் பலத்தை எஞ்சினியர் தனியாகப் பார்க்க வேண்டும்.