தூரிகையும் ஒளிப்பெட்டியும் கண்ட தஞ்சை

தஞ்சைப் பெரிய கோயிலை நேரிற் காணாதவரும் படத்திலேனும் கண்டிருப்பர். இராசராச சோழன் 1010ஆம் ஆண்டில் எடுத்து முடித்த அக்கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தது. அதனை ஓவியர் ஒரு விதமாகவும் நிழற்படக்காரர் வேறொரு விதமாகவும் கண்ட வரலாறு சுவையானது.

மைசூர்ப் போர் ஓய்ந்த 1792ஆம் ஆண்டிலே, தோமஸ் டானியல் என்னும் ஆங்கில ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டிற் சுற்றுப்பயணம் செய்தனர். அவர்கள் தீட்டிய பெரிய கோயிற் காட்சி 1798இல் இலண்டனில் அச்சேறியது. அவர்களுடைய படங்களிலே கட்டடம் தனித்து நிற்பதில்லை. மரமும் வானமும் மாந்தரும் உடன் நிற்பர். இவை யாவும் கற்பனையோ என ஐயுறுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். வெளிக்காட்சியைக் கண்ணாடி வில்லை வழியே தாளின்மேல் விழச்செய்யும் இருட்பெட்டி ஒன்றை அவர்கள் உடன் கொண்டு சென்றனர். விழுந்த உருவத்தின்மேற் கோடிழுத்து அளவு பிழையாமற் காத்தனர்.

அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1858இல், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரரான லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மாட்டு வண்டிகளிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு அங்கு வந்தார். அக்காலத்து மெழுகூட்டிய தாளிலே வானம் வெறும் வெண்மையாகவே பதியும். ஆகவே மூலத்தாளின்மீது தூரிகை கொண்டு மேகங்களைத் தீட்டினார் அவர்! ஓவியர் பெட்டியை நாட, நிழற்படக்காரர் தூரிகையை நாடியது நமக்கு நகைப்பூட்டுகிறது. எனினும் இருவர் மீதும் குறைகூற மனம் வரவில்லை.

மேகத்திற் கைவைத்த அவர் கல்லிற் கைவைக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்தோடும் தமிழ்க் கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். நிலக்காட்சியின் எழிலுக்கு நாம் டானியல்களையே நாடுவோம். எழுத்துக்கு எழுத்து வேண்டுமாயின் டிரைப்பிடமே செல்லுதல் வேண்டும்.

அவ்வாண்டிலேயே மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் படமெடுத்தார். பின்னர் பழுதுபார்க்கப்பட்ட அவ்வரண்மனை அன்று சிதைந்து கிடந்த கோலத்தை அப்படங்களிற் காணலாம். ஆனால் 1859இல் புதிதாக வந்த ஆளுநர் சார்ள்ஸ் திரெவெலியன், இப்பணி வீண் செலவெனக் கருதி அதனை நிறுத்திவிட்டார். டிரைப்பின் வண்டிகள் மேலும் சில ஊர்களுக்குச் சென்றிருக்கலாகாதா என்று நம் மனம் ஏங்குகிறது.