வண்டியைத் திருப்பும் கருவி

சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்தைக் கண்டவர் நம் மன்றத்தில் பலர் இருப்பர். வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். ஆனால் வீதி மூலையில் தேரைத் திருப்புவோர் ஒரு சிலரே. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கத்தை ஓடவிட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்புவர். தேரின் அச்சு அசையாதது. சக்கரம் உருளுமேயன்றி முகம் திரும்பாது. அதனாலேயே அத்தனை பாடும் அத்தனை ஆரவாரமும்.

அதே சுசீந்திரம் வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் காரில் வருகிறோம். பாலராமபுரம் வந்தாலும், கரமனை வந்தாலும், ஓட்டுநர் தம் கையிலுள்ள வளையத்தைச் சிறிது சுழற்றுகிறார்; வண்டி சொன்னபடி கேட்கிறது. முட்டுக்கட்டையும் இல்லை, ஆரவாரமும் இல்லை. இந்த வியப்பை நாம் வியப்பென்றே எண்ணுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் கரமனைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு சிறிய காரின் ஸ்டியரிங்கைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தனர். ஒரு முழ நீளத்துக்குச் சற்று மேலான ஓர் உறை. அதனுள் பல் வெட்டிய ஒரு சட்டம். அதன்மேல் விரல் பருமனுள்ள ஒரு பற்சக்கரம். என்னுடன் வந்த நண்பர், “இவ்வளவுதானா? உயிரையே இதை நம்பியா விடுகிறோம்?” என்றார். “இவ்வளவுதான் தம்பி, இதற்குமேல் எதற்கு?” என்றார் பட்டறை ஆசான். நண்பரின் கேள்வியும் ஆசானின் விடையுமே இக்கட்டுரைக்கு வித்து.

இரண்டு சக்கரம், இரண்டு வட்டம்

கார் ஒரு வளைவில் திரும்பும்போது அதன் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே வட்டத்தில் செல்வதில்லை. உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாக முகம் திரும்பவேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதேனும் ஒன்று உருளாமல் தரையில் இழுபடும், டயர் தேயும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியில் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். அவர் சார்பில் இங்கிலாந்தில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மான். செய்தவர் ஒருவராயிருக்க, பெயர் மற்றவருக்கு நிலைத்துவிட்டது! அச்சு முழுவதையும் திருப்பாமல், அதன் இரு முனைகளிலும் முளை வைத்து, சக்கரத்தை மட்டும் திருப்புவதே அம்முறை. குதிரை வண்டிக்காகப் பிறந்த இந்த யோசனை, பின்னர்க் காருக்கு அடிப்படையாயிற்று.

இனி, ஓட்டுநர் கையிலுள்ள வளையத்தின் சுழற்சியை இச்சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? வளையம் சுழல்கிறது, சக்கரத்தைத் திருப்பவோ இடவலமான தள்ளல் வேண்டும். சுழற்சியைத் தள்ளலாக மாற்றுவதே ஸ்டியரிங்கின் வேலை.

பற்சட்டமும் சிறுசக்கரமும்

பழைய கார்கள் பலவற்றில் இவ்வேலையைத் திருகுப் பெட்டி ஒன்று செய்தது. திருகு சுழலும், அதனோடு பொருந்திய உறுப்பு ஒரு கையை ஆட்டும், அக்கை ஒரு கம்பியை இழுக்கும், கம்பி வேறொரு கையை அசைக்கும், பின்னரே சக்கரம் திரும்பும். இன்றும் லாரிகளில் இதன் வழிவந்த, எஃகுக் குண்டுகள் உருளும் பெட்டியே பெரிதும் உள்ளது. பெரும்பாரத்துக்கு அது ஏற்றது. ஆனால் சிறிய காருக்கு அத்தனை கைகளும் கம்பிகளும் மூட்டுகளும் வேண்டுமா?

பட்டறையில் ‘ராக்’ என்பது பற்சட்டம். ‘பினியன்’ என்பது சிறிய பற்சக்கரம். ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் பினியன் உள்ளது. அது சுழன்றால் பற்சட்டம் இடமோ வலமோ நகர்கிறது. சட்டத்தின் இரு முனைகளிலும் இணைத்த கம்பிகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. இடையில் வேறு கையில்லை, வேறு பெட்டியில்லை.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். பினியனின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் சட்டம் 44 மில்லிமீட்டர் நகரும். ஓட்டுநர் பிடிக்கும் வளையத்தின் விட்டம் 360 மில்லிமீட்டர் எனில், அதே ஒரு சுற்றில் அவர் கை ஏறத்தாழ 1,130 மில்லிமீட்டர் நகர்கிறது. கை நகர்வது சட்டம் நகர்வதைப்போல் 25 மடங்குக்கு மேல். எனவே, உராய்வை ஒதுக்கிப் பார்த்தால், கை கொடுக்கும் 2 கிலோ அழுத்தம் சட்டத்தில் 50 கிலோ அழுத்தமாகிறது. தூரத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகிறோம். நெம்புகோலின் பழைய வாணிகமே இது.

சட்டத்தின் பின்புறத்தில் ஒரு சுருள்வில் அதனைப் பினியனோடு சேர்த்து அழுத்திக்கொண்டேயிருக்கும். பற்கள் சிறிது தேய்ந்தாலும் இடைவெளி விழாது. மூட்டுகள் குறைவாகையால் ஓட்டுநரின் கை அசைவு உடனே சக்கரத்தைச் சேர்கிறது. சாலையின் தன்மையும் அவர் கைக்குத் தெரிகிறது. குறையும் உண்டு: சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அதிர்ச்சியும் கைக்கு வந்து சேரும்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடரில் தொடக்கத்திலிருந்தே இது இருந்தது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதுவே. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று பெயர் பெற்றது ஹெரால்டு. 1983-இல் வந்த மாருதி 800-க்குப் பின்னர் இம்முறை நாடெங்கும் பரவியது.

தண்டு குழாயானது

எளிய இக்கருவியை இன்னும் எளிதாக்க முடியுமா? முடியும் என்று காட்டிய செயல் ஒன்று நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது.

ஒரு லட்ச ரூபாய்க்குக் கார் என்ற நோக்கத்தோடு டாட்டா நிறுவனம் உருவாக்கிய நானோ 2008 ஜனவரியில் தில்லியில் மக்கள்முன் வைக்கப்பட்டது. ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் குழந்தைகளும் நெருக்கியடித்துச் செல்லும் காட்சியே இந்த எண்ணத்தைத் தந்தது என்று ரத்தன் டாட்டா கூறியிருக்கிறார். ஒவ்வோர் உறுப்பின் விலையையும் குறைத்தாக வேண்டும். ஆயினும் ஸ்டியரிங்கில் வலிமை குறைந்தால் அக்குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து.

நானோவின் ஸ்டியரிங் பணியில் ஈடுபட்டது சென்னையில் 1929-இல் தொடங்கிய ரானே குழுமம். அவர்கள் செய்த மாற்றங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. கனத்த எஃகுத் தண்டு இருந்த இடத்தில் எஃகுக் குழாயை வைத்தனர். வழக்கமாக இரண்டு துண்டுகளாகச் செய்து சேர்ப்பதை ஒரே துண்டாக வடிவமைத்தனர்.

குழாய் தண்டுக்கு ஈடாகுமா? மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெறுமை, ஆயினும் காற்றுக்கு வளைந்து நிமிர்கிறது. ஒரு தண்டை முறுக்கும்போது அதன் மேற்புறமே பெரும்பாலான பாரத்தை ஏற்கிறது. நடுவிலுள்ள எஃகு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் நடுவே 10 மில்லிமீட்டர் துளையிட்டால் எடையில் நான்கில் ஒரு பங்கு குறையும். முறுக்கைத் தாங்கும் வலிமையோ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். அந்தக் குறையையும் ஈடு செய்யலாம். வெளிவிட்டத்தை 20.5 மில்லிமீட்டராக்கினால் போதும்: வலிமை பழைய தண்டுக்குச் சற்று மேலாகவே நிற்கும், எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நீக்கப்பட்டது வேலை செய்யாத எஃகு.

இதற்கும் எல்லை உண்டு. குழாயின் சுவர் மிக மெலிந்தால் நசுங்கும். பல் வெட்டும் இடத்தில் பல்லின் ஆழத்துக்குமேல் கனம் வேண்டும். எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதைக் கணக்கிட்டு அறிந்தபின்னரே கைவைக்க வேண்டும்.

இரண்டு துண்டை ஒன்றாக்குவதன் பயனும் இவ்வாறே. இரு துண்டுகளைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டின் முகங்களையும் கடைய வேண்டும், அளக்க வேண்டும், பொருத்த வேண்டும், சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நேரும் சிறு அளவுப் பிழைகள் ஒன்றோடொன்று கூடவும் கூடும். ஒரே துண்டானால் அந்த மூட்டில் தளர்ச்சி வருவதற்கே வழியில்லை. செலவு குறைந்தது, பழுதுக்கு இடமான ஒன்றும் நீங்கியது.

நானோவின் எஞ்சின் பின்புறத்தில் இருந்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஏறக்குறைய 600 கிலோ எடையுள்ள வண்டி. அதிலும் முன்சக்கரங்களின்மேல் பாரம் குறைவு. அதனால் மின்மோட்டார் துணையின்றிக் கையாலேயே திருப்ப முடிந்தது. ஓர் உறுப்பின் எளிமைக்கு வண்டி முழுவதன் அமைப்பும் துணைநின்றது. ஆயினும் மக்கள் இன்னும் இலகுவை விரும்பினர். 2014-இல் வந்த நானோ ட்விஸ்ட் மின்துணை ஸ்டியரிங்கோடு வந்தது.

எளிமையின் மறுபக்கம்

கரமனை ஆசான் சொன்ன இன்னொன்றையும் இங்கே கூறியாக வேண்டும். “முன்பு தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றுவோம். இப்போது பல வண்டிகளில் மொத்தமாக மாற்று என்கிறார்கள். செய்கிறவருக்கு லாபம், வாங்கியவருக்கு?” என்று கேட்டார். தொழிற்சாலையில் எளிதானது பட்டறையிலும் எளிதாயிருக்கும் என்று கொள்ள முடியாது. துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் பொறியாளர், எது முதலில் தேயும், அதை மட்டும் கழற்ற வழி உண்டா என்பதையும் எண்ணியாக வேண்டும். இல்லையேல், விலை மலிவென்று வாங்கியவர் பழுதுபார்க்கையில் அப்பணத்தைத் திரும்பக் கொடுக்க நேரும்.

அன்று மேசைமேல் கிடந்த ஸ்டியரிங்குக்கு வந்த கேடும் சிறியதே. உறையின் இரு முனைகளிலும் ரப்பர்த் துருத்தி ஒன்று மூடியிருக்கும். அதில் ஒன்று கிழிந்திருந்தது. நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டியதில்லை. இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டுக்கு இருமுறை பெய்கிறது. கிழிசல் வழியே நீரும் மண்ணும் புகுந்து, மசகு கரைந்து, சட்டம் துருப்பிடித்துவிட்டது. விலை குறைந்த ஒரு ரப்பரைக் கவனியாததால் விலை மிகுந்த பற்சட்டம் பாழாயிற்று. காருள்ள வீட்டு மாணவர்கள் விடுமுறையில் தம் வண்டியின் அடியில் குனிந்து அந்தத் துருத்தியைப் பார்ப்பது நல்லது. பொன்முடிக்குப் புறப்படும் முன்னர்க் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

நானோ எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 2018-ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி ஓய்ந்தது. மலிவான கார் என்ற பெயரே அதற்குச் சுமையாயிற்று என்பர். ஆனால் அதன் ஸ்டியரிங்கில் கையாண்ட வழி பழுதானதன்று. பாரம் எங்கே செல்கிறது என்று கண்டு, செல்லாத இடத்து எஃகை நீக்குவது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

நண்பர் இப்போது எங்கள் பொறியியல் கல்லூரித் தோழர் ஒருவரிடம் கடனாகப் பெற்ற புத்தகத்தில் முறுக்கைப் பற்றிய அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். “இவ்வளவுதானா?” என்று அவர் மீண்டும் கேட்கவில்லை. இந்த மார்கழியில் சுசீந்திரம் தேருக்குப் போகும்போது, முட்டுக்கட்டை கொடுப்போரின் அருகில் நின்று பார்க்கவேண்டும் என்கிறார்.