ஸ்கேன் சிடியை மறக்காதீர்கள்!

எங்கள் வேங்கிக்காலில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு முதுகுத்தண்டில் கட்டி. ரிப்போர்ட்டுடன் வேலூர் சிஎம்சிக்குக் கிளம்பினார். "எம்ஆர்ஐ சிடியையும் எடுத்துக்கோங்க மாமா" என்றேன்.

ஏன்? எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் கட்டி எக்ஸ்ரேயில் தெரியும். எம்ஆர்ஐயோ தண்டுவடத்தையே காட்டும். கட்டி அதற்கு உள்ளே வளர்கிறதா, வெளியிலிருந்து அழுத்துகிறதா என்று சொல்லும். ஆபரேஷனா, ரேடியேஷனா என்று முடிவெடுக்க இந்தப் படங்கள் அவசியம்.

சிடியில் இருப்பவை டைகாம் ஃபைல்கள். 1993 முதல் இந்தப் பெயரில் வழங்கும் மருத்துவப் படத் தரம் இது. சாதாரண ஜேபெக் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள்தான். 12 பிட் டைகாமில் 4096. கட்டியை அளப்பதற்கான விவரங்களும் ஃபைலிலேயே இருக்கும். பிலிமை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இவை எல்லாம் போய்விடும்.

வீட்டில் பார்க்க மைக்ரோடைகாம் புரோகிராமை நிறுவுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதில் சிடியிலுள்ள 'டைகாம்டிர்' ஃபைலைத் திறங்கள். பார்க்கலாம், நோயை முடிவு செய்வது டாக்டர் வேலை.

முழு சிடியையும் பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். சிகிச்சைக்குப் பின் எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிட உதவும். நோயாளியின் பெயரும் ஃபைலுக்குள் இருப்பதால் கண்டவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

ஒன்று முக்கியம்: கால் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கம்ப்யூட்டரை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.