சாமி கண்ணைக் குத்துமா?

“அப்படிச் செய்யாதே, சாமி கண்ணைக் குத்தும்!”

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் இந்த எச்சரிக்கையைக் கேட்காதவர்கள் மிகச் சிலரே இருப்பர். பொய் சொன்னாலும், சோற்றைக் கீழே இறைத்தாலும், சாமி படத்தைப் பிடித்து இழுத்தாலும் உடனே இந்த வார்த்தை வந்து விழும். பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், நாமும் சொல்கிறோம். இதன் பொருள் என்ன என்று நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவள் என் மகள். அப்போது அவளுக்கு வயது இரண்டு முடிந்து நான்கு மாதம்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து, குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அவளை அழைத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது. விளக்கேற்றும் நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் கைகால் கழுவி, பூ வைத்து, தட்டில் வாழைப்பழமும் கற்கண்டும் எடுத்து வைத்தேன். தீப்பெட்டியை எடுக்கத் திரும்பினேன். அந்த ஒரு நிமிடத்தில், தான் கடித்துத் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை என் மகள் அந்தத் தட்டில் வைத்துவிட்டாள். எச்சில் ஒழுகும் அரை பிஸ்கட்!

“ஐயோ, எச்சில்!” என்று அவள் கையில் ஓர் அடி போட்டேன். “இப்படிச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும்!” என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. எதிரே இருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூசையை முடித்துவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரங்கள் கழித்துச் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்துக்குக் குடும்பத்தோடு சென்றோம். 1827இல் தோன்றிய அந்த ஆலயத்தில் எத்தனையோ தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நானும் அப்படியே நின்றேன். திரை விலகியது, மணி ஒலித்தது, தீபாராதனை காட்டினார்கள். என் மகள் இரண்டு கைகளாலும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“எவ்வளவு பக்தி பாருங்க, பாப்பாவுக்கு!” என்றார் பக்கத்தில் நின்ற அம்மையார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிரவு அவள் தன் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பேசுவது காதில் விழுந்தது. “பாப்பா, நோ! சாமி கண்ணு குத்தும்!” சொல்லிவிட்டுப் பொம்மையின் கண்களைத் தன் கையால் பொத்தினாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆலயத்தில் நான் கண்டது பக்தியன்று, பயம். சில நாட்களாகவே சாமி மேடையைக் கடக்கும்போது அவள் ஓடியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டு முருகன் படத்தில், அப்பனின் கையில் கூரிய வேல் இருக்கிறது. கண்ணைக் குத்துவது எதைக் கொண்டு என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்!

எங்களோடு வசிக்கும் மாமியாரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். “நானும் உன் வீட்டுக்காரரை அப்படித்தாம்மா மிரட்டி வளர்த்தேன். அவசரத்துக்கு வாயில வந்துடும்,” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா எச்சில் பட்டதுன்னு பிள்ளையை அடிச்சியே, கண்ணப்பர் கதையை மறந்துட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

கண்ணப்பர் கண்ட கடவுள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் 63 நாயன்மார்களின் வரலாற்றைக் கூறுகிறது. அவர்களுள் வேடர் குலத்தில் தோன்றிய திண்ணனார், காளத்தி மலையில் சிவலிங்கத்தைக் கண்ட கணமே அன்பு வயப்பட்டார். பூசை விதி எதுவும் அவர் அறியார். இறைச்சியைப் பக்குவம் செய்து, சுவை நன்றாக இருக்கிறதா என்று வாயில் இட்டுப் பார்த்து, நல்லவற்றையே படைத்தார். அபிஷேக நீரைத் தம் வாயிலேயே கொண்டுவந்தார். பூவைத் தம் தலைமுடியில் செருகிக்கொண்டு வந்தார்.

முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் இதைக் கண்டு மனம் நொந்தார். இறைவனோ அவர் கனவில் தோன்றி, அந்த வேடரின் அன்பை மறைந்திருந்து பார்க்குமாறு பணித்தான். ஆறாம் நாள் லிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தது. பச்சிலை வைத்தும் நிற்காமற்போகவே, திண்ணனார் தம் கண்ணையே அம்பால் அகழ்ந்து அப்பினார். குருதி நின்றது. பின்னர் மறு கண்ணிலும் குருதி வழியக் கண்டு, தம் மற்றக் கண்ணையும் எடுக்க அம்பை ஊன்றினார். அப்போது இறைவனின் திருக்கரம் வெளியே நீண்டு அவர் கையைப் பிடித்துத் தடுத்தது.

இந்த வரலாற்றை நான் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் சாமி கண்ணைக் குத்தும் சாமி அன்று. கண்ணைக் குத்திக்கொள்ளப் போன அடியவரின் கையைப் பிடித்து நிறுத்திய சாமி! கடித்துச் சுவை பார்த்து, நல்லது என்று கண்டதைச் சாமிக்குக் கொடுத்தவரை நாயனார் என்று கும்பிடுகிறோம். அதே வேலையைச் செய்த இரண்டு வயதுக் குழந்தையை அடிக்கிறோம். தனக்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தில் பாதியை அவள் தானாகக் கொடுத்தாள். அந்த வீட்டில் அன்று நடந்த உண்மையான நிவேதனம் அதுவாகவே இருக்கலாம்.

சீர்காழியில் மூன்று வயதுக் குழந்தையாக இருந்த திருஞானசம்பந்தரின் கதையும் நினைவுக்கு வந்தது. தந்தையார் குளத்து நீரில் மூழ்கி மந்திரம் ஓதிக்கொண்டிருக்க, கரையில் தனித்திருந்த குழந்தை அவரைக் காணாமல் அழுதது. உமையம்மை வந்து ஞானப்பால் ஊட்டினாள். கரையேறிய தந்தையார் வாயில் வழிந்த பாலைக் கண்டு, “யார் தந்த எச்சிற்பாலை உண்டாய்?” என்று சிறு கோலை ஓங்கினார். அங்கும் எச்சில்தான் பிரச்சினை. கோல் எடுத்தவர் தந்தை, பால் கொடுத்தவள் அம்மை. பூசை அவசரத்தில் இருந்த நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணும் வழிபாடும்

சற்றே சிந்தித்தால், நம் வழிபாட்டில் கண்ணுக்கு உள்ள இடம் வியப்பளிக்கும். கோயிலுக்குப் போவதை ‘தரிசனம்’ என்கிறோம். அதன் பொருள் காண்பது. நாம் அவனைக் காண்கிறோம், அவன் நம்மைக் காண்கிறான். புதிதாக வடித்த திருவுருவத்துக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு. திறந்த கண் முதலில் காண்பதற்குப் பசு, கன்று, தானியம் போன்ற மங்கலப் பொருள்களைக் காட்டுவது வழக்கம். கண் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குக் காணிக்கை ஆக்குவார்கள்.

அன்னையின் திருநாமங்களைப் பாருங்கள்: மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி. மூன்றும் கண்ணைக் கொண்டு அமைந்த பெயர்கள். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதுபோல் உயிர்களைப் பார்வையாலேயே காப்பவள் மீனாட்சி என்று பெரியோர் விளக்குவர். தீபாராதனை முடிந்ததும் அந்த ஒளியைக் கையால் தொட்டு எங்கே ஒற்றிக்கொள்கிறோம்? கண்ணில்தானே! இவ்வளவும் இருக்க, குழந்தைக்கு முதன்முதலில் நாம் அறிமுகப்படுத்துவது கண்ணைக் குத்தும் சாமியையா?

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள்

பெரியவர்களுக்கு இந்த வார்த்தை வெறும் பேச்சு வழக்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்படியன்று. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் வயது அது. அதனால் முதலில் அந்த வார்த்தையை வீட்டை விட்டே அனுப்பினோம். என் கணவர், மாமியார், நான் மூவரும் அவ்வாறு முடிவு செய்தோம்.

“பயம் இல்லாவிட்டால் பிள்ளை எப்படி அடங்கும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்டிப்பை நாங்கள் கைவிடவில்லை, சாமியின் பெயரால் கண்டிப்பதைத்தான் விட்டோம். விளக்கைத் தொடப் போனால், “விளக்கு சுடும்,” என்கிறோம். அது உண்மை. படத்தை இழுத்தால், “கண்ணாடி உடைந்து கையைக் கிழிக்கும், அம்மா விடமாட்டேன்,” என்கிறோம். அதுவும் உண்மை. தடுப்பது அம்மா என்று குழந்தைக்குத் தெரிகிறது. கோபம் வந்தாலும் அது என்னோடு போகட்டும்.

அடுத்து, சாமி மேடையைச் சற்று மாற்றி அமைத்தோம். விளக்கும் தீப்பெட்டியும் எட்டாத உயரத்துக்குப் போயின. கீழ்த் தட்டில், அவள் கைக்கு எட்டும்படி ஒரு பித்தளைப் பிள்ளையாரை வைத்தோம். தூக்கலாம், துடைக்கலாம், பூ வைக்கலாம். அவருக்கென்று ஒரு சின்னக் கிண்ணமும் உண்டு. அதில் அவள் எதை வைத்தாலும் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. இதுவரை பிள்ளையாருக்குப் பிஸ்கட், உலர்திராட்சை, ஒரு முறை ஒற்றைக் காலுறை எல்லாம் படைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய தட்டில் வைக்கும் நிவேதனம் எச்சில் படாமல் இருக்க வேண்டும் என்பதை வளர வளரக் கற்றுக்கொள்வாள். முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்பு வேர் பிடித்த பிறகு முறை தானே ஏறும்.

திருநீறு பூசும்போது, பொடி கண்ணில் விழாதபடி ஒரு கையைக் குழந்தையின் புருவத்தின்மேல் குடைபோல் வைத்துப் பூசுவது நம் பாட்டிமார்களின் பழக்கம். மாமியார் அப்படிப் பூசும்போதெல்லாம், “சாமி கண்ணைப் பத்திரமா பார்த்துக்கும்,” என்று சொல்லத் தொடங்கினார். விளக்கேற்றியதும் சுடரின் இளஞ்சூட்டை என் உள்ளங்கையில் ஏந்தி வந்து, மகளின் மூடிய கண்களின்மேல் மெல்ல வைப்பேன். முதல் நாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கட்டாயப்படுத்தாமல் என் கண்ணிலேயே ஒற்றிக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு நாள், தானே முகத்தை நீட்டினாள்.

கண்ணப்பரின் கதையை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. குருதியும் அம்பும் வரும் கதையைக் கேட்கும் வயது அவளுக்கு வரவில்லை. அது இப்போதைக்கு எங்களுக்கான பாடம்.

பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆலயத்தில் மேளமும் மணியும் சேர்ந்து ஒலித்தால் இன்றும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். ஒரு நொடியில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகின்றன. ஆனால் சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது, அவள் தன் பொம்மையோடு பிள்ளையார் முன் உட்கார்ந்திருந்தாள். இரு கைகளையும் காற்றில் ஏந்தி, பொம்மையின் கண்களில் வைத்து ஒற்றினாள். “சாமி பாக்குது, பாப்பா,” என்றாள்.

விரலை ஆட்டவில்லை, கண்ணைப் பொத்தவும் இல்லை. சாமி பார்க்கிறது என்பதை அவள் மகிழ்ச்சியாகச் சொன்னாள். இளம் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களே, நம் அவசரத்துக்கு ஆண்டவனைப் பூச்சாண்டி ஆக்காமல் இருப்போம். நம் பிள்ளைகள் கண்களை அகலத் திறந்து அவனைக் காணும் பேற்றை எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!