எண்ணாயிரத்தில் ஒன்று

நள்ளிரவு. வீட்டிலுள்ளோர் யாவரும் உறங்கிவிட்டனர். ஓர் இளைஞன் மட்டும் உள்ளங்கையில் அடங்கும் சிறு விளையாட்டுக் கருவியொன்றைக் கையிலேந்தி விழித்திருக்கின்றான். திரையிலே ஒரு விலங்கு தோன்றுகின்றது. அதன் நிறத்தை ஒரு கணம் உற்று நோக்குகின்றான், உதட்டைப் பிதுக்குகின்றான், நான்கு பொத்தான்களை ஒருங்கே அழுத்துகின்றான். திரை வெறுமையாகி, ஆட்டம் மீண்டும் தொடங்குகின்றது. அரை நிமிடத்தின் பின் அதே இடம், அதே விலங்கு, அதே நோக்கு, அதே அழுத்தம். ஓரிரவு மட்டுமன்று, பல வாரங்களாக இவ்வாறே நடைபெறுகின்றது. அவன் தேடுவது யாது? அத்தேடலுக்கு ஓர் எல்லை உண்டா? உலகின் பல நாடுகளிலும் இளைஞரையும் முதியோரையும் ஆட்கொண்டுள்ள இப்பழக்கத்தின் உள்ளே நிகழ்தகவு பற்றிய நல்லதொரு பாடம் மறைந்திருக்கின்றது.

இவ்விளையாட்டின் பெயர் போக்கிமொன். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் யப்பானிலே, நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் போய் என்னும் கைக்கருவிக்காக இது முதன்முதல் வெளிவந்தது. இதனை ஆக்கிய சடோஷி தஜிரி என்பார், டோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். அவர் பூச்சி பிடித்த வயல்களும் குளங்களும் நாளடைவில் கட்டடங்களாக மாறின. தாம் அடைந்த அந்த மகிழ்ச்சியைப் பின்வந்த சிறுவர்களும் அடையவேண்டுமென விரும்பியே கற்பனை உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் இவ்விளையாட்டை அவர் அமைத்தார்.

பூச்சி சேர்ப்போர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரே இனத்து வண்டுகள் இரண்டாயினும் அவை ஒன்றையொன்று முற்றும் ஒத்திருப்பதில்லை. போக்கிமொன் விளையாட்டிலும் அவ்வாறே. 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘மாணிக்கம்’, ‘நீலக்கல்’ என்னும் பதிப்புகள் முதலாக, ஒவ்வோர் உயிருக்கும் ஆறு ஆற்றல்கள் வகுக்கப்பட்டுள்ளன. உயிர்வலிமை, தாக்கும் வலிமை, காக்கும் வலிமை, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம் என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கருவி மறைவாக வழங்கிவிடுகின்றது. இவற்றோடு இருபத்தைந்து குணங்களில் ஒன்றும் அவ்வுயிருக்கு வாய்க்கின்றது.

ஆறு எண்களும் உச்சநிலையாகிய 31ஆகவே அமைவதற்கு எத்தகைய வாய்ப்பு உண்டு? முப்பத்திரண்டை ஆறுமுறை தன்னாலேயே பெருக்கினால் 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 வரும். அத்தனையில் ஒன்றே நிறைவான உயிர். இந்த நுண்ணிய வேறுபாடு எதற்காக என்று வினவலாம். போட்டிகளில் உயிர்கள் யாவும் ஐம்பதாம் படியில் நின்று பொருதும்போது, 0 உடைய உயிருக்கும் 31 உடைய உயிருக்கும் இடையே ஓர் ஆற்றலில் பதினைந்து அல்லது பதினாறு புள்ளிகள் வேறுபடும். வேகத்தில் ஒரு புள்ளி மிகுந்தாலும் முதல் அடி அதற்கே உரியதாகும். முதல் அடி பல வேளைகளில் வெற்றியையே நிர்ணயித்துவிடும்.

வலிமையைத் தேடுவோர் ஒருசாரார்; நிறத்தைத் தேடுவோர் மற்றொரு சாரார். 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘பொன்’, ‘வெள்ளி’ என்னும் பதிப்புகளில் ஏரியொன்றின் நடுவே சிவந்த நிறமுடைய கியராடோஸ் என்னும் பெரிய நீருயிர் தோன்றியது. அவ்வினத்துக்கு இயல்பான நிறம் நீலம். சிவந்த கியராடோஸ் ஆடுவோர் அனைவருக்கும் காட்சியளித்தது. ஆயினும் பிற உயிர்கள் நிறம் மாறித் தோன்றுவது 8192 முறைக்கு ஒருமுறையே நிகழக்கூடியதாய் இருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புகளிலிருந்து அது 4096க்கு ஒன்றெனச் சற்றே எளிதாக்கப்பட்டது.

இந்த 8192 என்னும் எண் எவ்வாறு வந்தது? அக்காலப் பதிப்பில் மறைவெண்கள் நான்கு. ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை அமைந்தது. அவற்றுள் மூன்று சரியாகப் பத்தாக இருத்தல் வேண்டும். தாக்கும் வலிமைக்குரிய எண் குறித்த எட்டு எண்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். பதினாறை மூன்றுமுறை பெருக்கி அதனை இரட்டித்தால் 8192 வரும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அரிய நிறத்துக்கு மூன்று எண்கள் பத்தாக வேண்டும். நிறைந்த வலிமைக்கோ எல்லாம் பதினைந்தாக வேண்டும். ஆதலின் அப்பதிப்பில் அழகிய உயிர் ஒருபோதும் முழுவலிமை பெறமுடியாது. இரண்டையும் ஒருங்கே விரும்பியவன் எத்தனை ஆண்டுகள் முயன்றாலும் இல்லாத ஒன்றையே தேடியவனாவான்.

புல்வெளியில் திரியும் பொது உயிர்களை எத்தனை முறையும் சந்திக்கலாம். ஆனால் குகையினுள்ளே தனித்திருக்கும் மியூடூ போன்ற உயிர்கள் ஆட்டம் முழுவதற்கும் ஒன்றே உண்டு. அதனைத் தவறவிட்டால் வேறொன்று வாராது. இங்கேதான் அந்த நான்கு பொத்தான்கள் பயன்படுகின்றன. உயிரின் முன்னே நின்று ஆட்டத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் அதனை எதிர்கொள்ளுகின்றனர். வாய்த்தது விரும்பியவாறு இல்லையெனில் கருவியை முதல்நிலைக்கு மீட்டுவிடுகின்றனர். பதிந்ததற்குப் பின் நிகழ்ந்த எதனையும் கருவி அறியாது. அதன் நினைவிலே அந்தச் சந்திப்பு நடைபெறவேயில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு முயற்சி என்று கொண்டால் 8192 முயற்சிகளுக்கு அறுபத்தெட்டு மணி நேரத்துக்கு மேலாகும்.

இவ்விடத்தில் பலர் ஒரு பிழையான கணக்கில் வீழ்கின்றனர். எண்ணாயிரத்தில் ஒன்றெனின் எண்ணாயிரம் முறை முயன்றவனுக்குக் கட்டாயம் கிடைத்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். உண்மை வேறு. 8192 முறை முயன்றோர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ அறுபத்து மூவரே பேறு பெற்றிருப்பர். முப்பத்தெழுவர் வெறுங்கையுடன் நிற்பர். அதனை இரட்டித்து 16384 முறை முயன்றாலும் நூற்றுக்குப் பதின்மூவர் அல்லது பதினால்வர்க்கு ஒன்றும் கிட்டியிராது. மறுபுறத்தில் 5678 முயற்சிகளுக்குள்ளேயே பாதிப்பேர் வெற்றி கண்டிருப்பர். பதினாயிரம் முறை தோற்றவனும் இன்று புதிதாகத் தொடங்குபவனும் அடுத்த முயற்சியில் ஒரே நிலையில்தான் நிற்கின்றனர். தோல்விகள் வங்கியில் இட்ட பணம்போல் வட்டியுடன் பெருகுவதில்லை.

இப்பிழை புதியதன்று. 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் மொண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்திலே, சுழலும் வட்டில் பந்து இருபத்தாறு முறை தொடர்ந்து கறுப்பிலேயே வீழ்ந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் எனக் கருதி மேன்மேலும் பணயம் வைத்தோர் பெரும்பொருளை இழந்தனர். பந்துக்கு நினைவில்லை என்பதை அவர்கள் மறந்தனர்.

இனி, கருவிக்குள்ளே இந்த வாய்ப்பு எங்கிருந்து பிறக்கின்றது? அங்கே பகடையுமில்லை, வட்டுமில்லை, எண்கணிதமே உண்டு. ஓர் எண்ணை வேறோர் எண்ணாற் பெருக்கி, இன்னோர் எண்ணைக் கூட்டி, ஓரளவுக்கு மேற்பட்டதை நீக்கிவிட்டால் புதிய எண் ஒன்று வரும். அதனை மீண்டும் அவ்வாறே செய்ய மற்றோர் எண் வரும். இவ்வாறு வரும் எண்கள் பார்ப்பதற்கு எழுமாறாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் முன்னையதால் நிச்சயிக்கப்பட்டதே. இத்தகைய முறைக்கு அடிப்படை வகுத்தவர் லேமர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், காலம் 1949.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மரகதம்’ என்னும் பதிப்பில் இதனால் ஒரு விந்தை விளைந்தது. அப்பதிப்பிலே கருவியை எப்போது தொடக்கினாலும் எண்வரிசை பூச்சியத்திலிருந்தே தொடங்கும். வினாடிக்கு அறுபது அடிகள் என்னும் அளவில் அது ஒரே பாதையில் முன்செல்லும். எனவே ஒரே வேகத்தில் மீட்டு, ஒரே வேகத்தில் பொத்தானை அழுத்துபவன், புதிய முயற்சி என எண்ணிக்கொண்டே பழைய உயிர்களை மீண்டும் மீண்டும் சந்திக்கக்கூடும். அவன் விதியை நொந்துகொள்வான். கருவியோ முன்சொன்ன விடையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். இந்நுட்பத்தை உணர்ந்தோர் கணக்கிட்டு, உரிய கணத்திலே பொத்தானை அழுத்தி வேண்டியதைப் பெற்றனர்.

அறிந்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை? 1957ஆம் ஆண்டில் பேர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் உளவியலாளர் இருவர் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை விரித்து நூலொன்று வெளியிட்டனர். எத்தனையாவது கொத்தலுக்கு இரை வரும் என்று அறியமுடியாதபடி அமைத்தபோது, புறாக்கள் ஓய்வின்றிக் கொத்திக்கொண்டிருந்தன. மனிதனிடத்தில் இதனோடு மற்றொன்றும் சேர்கின்றது. ‘இவ்வளவு காலம் செலவிட்டுவிட்டேன், இப்போது விடுவதா?’ என்னும் எண்ணமே அது. சென்ற காலத்தை மீட்க வருங்காலத்தையும் பணயம் வைக்கின்றான். இங்கே இழப்பது பொருளன்று. உறக்கமும் படிப்பும் உறவினரோடு பேசும் பொழுதுமே இழக்கப்படுகின்றன.

விளையாட்டை ஆக்கியோரும் இதனை ஓரளவு உணர்ந்தனர் போலும். 2013 முதல் தனித்த உயிர்கள் பலவற்றுக்கு ஆறில் மூன்று எண்களேனும் உச்சமாக அமையுமாறு செய்தனர். 2016ஆம் ஆண்டுப் பதிப்புகளில், நூறாம் படியை எட்டிய உயிரைப் பயிற்சியாலேயே முழுவலிமை உடையதாக்கும் வழியைத் திறந்தனர். இருந்தும் அந்த உழைப்பையும் தவிர்க்க விரும்புவோர் உளர். 2023ஆம் ஆண்டு யொக்கோஹாமாவில் நடைபெற்ற உலகப் போட்டியில், முறைகேடாக ஆக்கப்பட்ட உயிர்களைக் கொணர்ந்த வீரர் பலர் நீக்கப்பட்டனர்.

வலிமைக்கு வழி திறந்த பின்னரும் நிறத்தைத் தேடுவோர் குறையவில்லை. அந்நிறம் போரில் ஒரு புள்ளியும் தருவதில்லை. ஆயினும் தானே காத்திருந்து பெற்றது என்னும் மனநிறைவு அதிலே உண்டு; மச்சிதாவின் வயலில் அரிய வண்டைக் கண்ட சிறுவன் பெற்ற மகிழ்ச்சியும் அதுவே. அம்மகிழ்ச்சியைப் பழித்தல் முறையன்று. தேடப் புகுவோன் ஒன்றை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்தல் நன்று: இன்று இத்தனை மணி நேரம், அதற்கு மேலில்லை. அடுத்த முயற்சியின் வாய்ப்பு என்றும் ஒன்றாகவே இருப்பதால், இன்றிரவு நிறுத்துபவன் நாளை எதனையும் இழந்தவனாகான். பெற்றோரும் ‘ஏன் வீணாக விளையாடுகின்றாய்?’ என்று கடிவதிலும், இக்கணக்கை உடனிருந்து எடுத்துரைத்தல் பயன் தரும்.

களைத்த கைகளுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. ஆயிரக்கணக்கான முறை பழகிய விரல்கள் ஒருநாள் கண்ணை முந்திக்கொள்ளும். திரையிலே நிறம் மாறிய உயிர் வந்து நிற்கும். அதனை மனம் உணருமுன் நான்கு பொத்தான்களும் அழுத்தப்பட்டுவிடும். பல வாரம் காத்திருந்தது அரைக் கணத்தில் மறையும். இவ்வாறு இழந்தோர் பலர். உறங்கவேண்டிய வேளையில் உறங்கச் சென்றிருந்தால், மறுநாள் அந்தக் கண்கள் அதனைக் கண்டிருக்கக்கூடும்.